தோட்டத்துச் சிறுவரும் தொண்டர் வகுப்பும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மலேசியத் திருநாட்டில் தமிழ்க்கல்வியின் வரலாறு பினாங்கு மண்ணில் தொடங்குகிறது என்பதை இப்பகுதி மக்கள் நன்கு அறிவர். 1816ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், பாதிரியார் ஹட்சிங்ஸ் அவர்களின் முயற்சியால் ஜார்ஜ் டவுனில் பினாங்கு பிரீ ஸ்கூல் திறக்கப்பெற்றது. அப்பள்ளியின் ஓர் அங்கமாகத் தமிழ் வகுப்பு ஒன்றும் நடத்தப்பெற்றது. அதனை முதலாகக் கொண்டே 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு விழாக்கள் எடுக்கப்பெற்றன. விழா மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்த முதல் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. போதிய ஆதரவு கிட்டாமல் அது நின்றுபோயிற்று. தொடங்கிய நாளைக் கொண்டாடும் சமுதாயம், நின்றுபோன காரணத்தைக் கேட்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கென ஆங்காங்கே எழுந்த வகுப்புகள் பலவற்றின் கதையும் இதுவேயாதலால், அக்காரணத்தைச் சற்று நின்று பார்ப்பது நலம்.

நீரிணைக்கு அக்கரையில், இன்று செபராங் பிறை என வழங்கும் நிலப்பரப்பில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அங்கே வெட்டவும் சுமக்கவும் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில்தான் மலாயாவில் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. பயிர் மாறியதே தவிர, லயத்தில் பிறந்த பிள்ளை லயத்திலேயே வளர்ந்து, அதே நிரையில் பால் வெட்டப் போகும் வழக்கம் மூன்று தலைமுறைக்கு மாறவில்லை.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளிக்கூடம் ஏற்படுத்தவேண்டும் என விதித்தது. அச்சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு உரியது. பினாங்கும் செபராங் பிறையும் அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தவை. ஆயினும் தோட்டப் பள்ளியின் தோற்றம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அத்தாப்புக் கூரை வேய்ந்த கொட்டகை, அல்லது லயத்தின் கோடியில் ஓர் அறை, அல்லது தோட்டத்து மாரியம்மன் கோயிலின் முன்மண்டபம். எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவ்வாசிரியரும் பல இடங்களில் கங்காணியாகவோ, கிராணியாகவோ, ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் பிறருக்குப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒரு தொழிலாளியாகவோ இருந்தார். காலையில் பெற்றோருடன் பால்மரக் காட்டுக்குப் போய்க் கோப்பை கழுவி, மங்கில் ஒட்டுப்பால் பொறுக்கி வந்த பிள்ளைகள், பிற்பகலில் கண் சொருகச் சொருக எழுத்துக் கூட்டினர். இப்பள்ளிகளைப் பற்றி ஆய்வாளர்கள் குறை கூறியிருப்பது அனைத்தும் உண்மை. தோட்டத்து எல்லைக்கு வெளியே ஒரு வேலைக்கும் அக்கல்வி வழிகாட்டவில்லை. என்றாலும், கடமைக்கென வைக்கப்பட்ட அந்தக் கொட்டகையில் மாலை வெளிச்சம் மங்கும்வரை உட்கார்ந்து, சிலேட்டில் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்தவர் எவரோ, அவரையே இந்நாட்டின் முதல் கல்வித் தொண்டூழியர் எனல் தகும். சம்பளப் பட்டியலில் அந்த நேரத்துக்குக் கூலி இருந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் இராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் பொறுப்பாளராக இருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அம்முறையைப் புகுத்த எண்ணினார். சம்பள ஆசிரியர்கள் உடன்படவில்லை. உடனே அவர் ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் கற்பித்துக் காட்டினான். தேர்ந்த பிள்ளை தேராத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பெல் 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே ஐரோப்பாவின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து போய்ப் புகழ்பெற்ற காலத்திலேயே, அதே தமிழரின் பேரப்பிள்ளைகள் கடல் கடந்து வந்து கரும்புக் காட்டில் எழுத்தறியாமல் நின்றனர் என்பதை என்னென்பது!

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தோட்டப்புறத்தில் ஒரு விழிப்பு எழுந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் உருவான தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலுக்காகவே வரலாற்றில் பெயர்பெற்றது. பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டிக்கிடந்தாலும் கள்ளுக்கடை தவறாமல் திறந்திருந்த காலம் அது என்பதை எண்ணினால், குடியை எதிர்த்த இளைஞர்கள் எதற்காகப் போராடினர் என்பது விளங்கும். 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றம் தோன்றியது. அதன் வழியே வளர்ந்த மணிமன்றங்கள் ஊர்தோறும் படிப்பகங்களையும் எழுதும் ஆர்வத்தையும் வளர்த்தன. அவ்வாறு எழுதப் பழகியோரே பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆயினர்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டத் துண்டாடலும், பள்ளிகளின் இணைப்பும், தோட்ட மக்களின் இடப்பெயர்வும் சேர்ந்து அவ்வெண்ணிக்கையை இன்று ஐந்நூற்றிருபதை ஒட்டிய அளவுக்குக் குறைத்துள்ளன. பினாங்கு மாநிலத்தில் 28 பள்ளிகள் உள்ளன. பைராம், சங்காட், டிரான்ஸ்கிரியான், வால்டோர், ஜாவி, மலாக்கோப், மேபீல்டு எனத் தோட்டங்களின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்றும் உண்டு. பெயரளவில் தோட்டப் பள்ளியாக இருந்து, சுற்றிலும் வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலையும் சூழ்ந்துவிட்டவையும் அவற்றுள் உண்டு. 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள் நாடெங்கும் மிகுதி.

தோட்டப்புறப் பிள்ளைகள் பாதியிலேயே படிப்பை விட்டு வெளியேறும் நிலை சமுதாயத்தைச் சுட்ட காலம் 1970களின் பிற்பகுதி. அந்தச் சூட்டில்தான் தொண்டர் வகுப்புகள் அமைப்பு வடிவம் பெற்றன. 1979இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா அவர்களின் முயற்சியால் ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியது. பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் வார இறுதியில் ஓய்வைத் துறந்து, தங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். ஆண்டுதோறும் பத்துமலையில் மாணவர்கள் திரளும் கல்வி யாத்திரையை அறியாதவர் இரார். காவடி எடுக்கும் தலத்திலேயே கல்விக்கும் ஒரு நேர்த்தி வைக்கலாம் என்று காட்டியது அவ்வியக்கம். தோட்டத்து லயத்திலிருந்து மருத்துவராகவும் பொறியியலாளராகவும் எழுந்த தலைமுறை ஒன்று இத்தகைய வகுப்புகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அவ்வெற்றியே ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. தொண்டர் வகுப்பு என்றாலே தேர்வுக்கான டியூசன் வகுப்பு என்று பொருள் கொள்ளும் பழக்கம் அது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. படிவம் மூன்றின் தேர்வும் மறு ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் தேர்வுத்தாள் கட்டுகளை நகலெடுத்து வழங்குவதே சேவை என்னும் எண்ணம் நீங்கவில்லை. எழுத்தே ஏறாத பிள்ளை அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

எழுத்து ஏறாத பிள்ளையை இனங்காணுவது எளிதன்று. அவன் குறும்பு செய்யமாட்டான். பெரும்பாலும் அமைதியாகவே இருப்பான். கரும்பலகையில் உள்ளதை வரி பிசகாமல், ஓவியம் வரைவதுபோல், அழகாக நகல் எடுத்துவிடுவான். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும் ஆசிரியருக்கும் தொண்டருக்கும் குறை ஒன்றும் தெரியாது. வகுப்பு முழுவதும் சேர்ந்து படிக்கும்போது அரை நொடி பிந்தி அவனும் சேர்ந்துகொள்வான். பாடம் மனப்பாடமாகியிருந்தால் புத்தகத்தில் விரலை ஓட்டியபடியே ஒப்பித்துவிடுவான். விரல் ஒரு வரியிலும் வாய் வேறு வரியிலும் இருக்கும். அவன் அறியாத ஒரு பக்கத்தைத் திறந்து, தனியே அழைத்து, நடுவில் உள்ள ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது. நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அறிவர். இவர்கள் பெற்றோரும் பெரும்பாலும் இரு வேளை வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையின் நோட்டைப் பார்த்து மகிழ்கிறவர்கள். இன்னும் ஒரு கூட்டம் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் பள்ளியில் சேர்வதற்கே இடர்ப்படும் பிள்ளைகள். 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அக்கட்டாயத்தின் பயன் இவர்களை எளிதில் வந்தடைவதில்லை. இவர்களுக்குத் தொண்டர் வகுப்பு துணை வகுப்பன்று, அதுவே பள்ளிக்கூடம்.

எழுத்தையே பணியாகக் கொண்ட தொண்டர் இயக்கம் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டமே சிறந்த சான்று. மழை பொய்க்கும் வறண்ட பூமி அது. கல்லுடைப்போரும் விவசாயக் கூலிகளும் மிகுந்த மாவட்டம். 1991ஆம் ஆண்டின் நடுவில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதனைத் தம் இயக்கமாகவே ஏற்று நடத்தினார். ஒன்பது வயது முதல் நாற்பத்தைந்து வயது வரையிலான எழுத்தறியாதோர் வீடு வீடாகக் கணக்கெடுக்கப்பட்டனர். பள்ளியை விட்டு ஆடு மேய்க்கப் போன சிறுமியும், கல்லுடைக்கும் அவள் தாயும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்க இடம் ஏற்பட்டது. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது பொதுக் கணக்கு. தொண்டர்களுள் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. பள்ளியிறுதி படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண், தெருக்கோடி விளக்கின் அடியிலோ, கோயில் வாசலிலோ, களத்துமேட்டிலோ இரவு நேரத்தில் வகுப்பெடுத்தாள்.

அவர்கள் கற்பித்த முறையும் கருதத்தக்கது. ‘அ, ஆ’ என நெடுங்கணக்கை முதலில் ஒப்பிக்கச் செய்யவில்லை. மக்கள் நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்றை எடுத்து, அதைப் பற்றிப் பேசவிட்டு, பின்பு அச்சொல்லைப் பிரித்து எழுத்தைக் காட்டினர். மூன்று பகுதிகளாக அமைந்த பாடநூல்கள், ஏறக்குறைய 200 மணி நேரத்தில் முடிக்கத்தக்கவை. வகுப்புக்கு வர அழைப்பதும் மேடைப் பேச்சால் நடக்கவில்லை. வீதி நாடகமும் பாட்டும் ஊர் ஊராகச் சென்று அழைத்தன. அவ்வியக்கத்தின் அனுபவங்களை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

புதுக்கோட்டைக்கு உலகப் புகழ் வந்தது சைக்கிளால். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் அவ்வியக்கம் கற்றுக்கொடுத்தது. வேடிக்கையாகத் தோன்றலாம். தொண்டரான பெண் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இரவில் போய்த் திரும்பவேண்டுமானால் பேருந்து எங்கே? யாரையும் எதிர்பாராமல் போய்வர அவளுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. தொண்டுக்கு மனம் வேண்டும் என்று மட்டும் பேசுவோர் இதைக் கவனிக்கவேண்டும். மனம் இருந்தும் வண்டி இல்லாமல் நின்றுபோன வகுப்புகள் மலேசியத் தோட்டப்புறத்திலும் ஏராளம். 1992ஆம் ஆண்டு ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் அப்பெருமையைப் பெற்றிருந்தது. அறிவிப்புக்குப் பின் வந்த ஆண்டுகளில், படிப்பதற்குத் தொடர்ந்து ஏதும் இல்லாத இடங்களில், கற்ற எழுத்து மங்கியதும் உண்டு. எழுத்து கைவிட்டால் போய்விடும் பொருள். தொடர்ந்து படிக்கத் தாள் வேண்டும், நூல் வேண்டும், படித்ததைக் கேட்க ஒரு காது வேண்டும்.

சொல்லிலிருந்து எழுத்துக்குப் போகும் அம்முறைக்குப் பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரையரே முன்னோடி. 1963இல் அந்நாட்டின் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு ஏழைத் தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவித்துக் காட்டினார். மறு ஆண்டே இராணுவ ஆட்சி வந்து அத்திட்டத்தை நிறுத்திவிட்டது.

அண்மைக் காலச் சான்றும் ஒன்று உண்டு. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்ட பின்னர், தமிழக அரசு 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், அவர்கள் வீட்டருகிலேயே தன்னார்வலர் பாடம் சொல்லினர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. இங்கும் முன்வந்தோருள் பெண்களே மிகுதி. தெருவிலேயே குடியிருக்கும் அக்காள் சொல்லிக்கொடுத்தால் அம்மாவுக்கு அச்சமில்லை, பிள்ளைக்கும் கூச்சமில்லை. தலைநகரிலிருந்து மாதம் ஒரு முறை பேருந்தில் வந்திறங்கும் தொண்டரைவிட, பத்து வீடு தள்ளியிருக்கும் தொண்டரே எழுத்தறிவுக்கு உகந்தவர் என்பது இத்திட்டம் காட்டிய பாடம்.

‘பட்டம் பெற்றவர்தாமே கற்பிக்க முடியும், இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை யாரால் சொல்லித்தர முடியும்?’ என்று கேட்போர் உண்டு. அந்த எண் அச்சுறுத்தும் எண்தான். ஆனால் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்றே அடிப்படை. எஞ்சிய இருநூற்றுப் பதினாறும் கூட்டுக் கணக்கு. காலும், கொம்பும், சுழியும் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் பெரும்பகுதி தானே வந்துவிடும். உகர ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து உருமாறி அலைக்கழிக்கும். ‘கு’வைக் கற்றவன் ‘து’வைப் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. அங்கே பொறுமை வேண்டும். லகர, ளகர, ழகரப் பிழைகளை முதல் மூன்று மாதம் திருத்தாமல் விடுவதே அறிவுடைமை. படிக்கத் தொடங்கிய பிள்ளையைப் பிழைக்காக நிறுத்தும் தொண்டர், தம் புலமையைக் காட்டுகிறாரேயன்றிப் பிள்ளைக்கு உதவுவதில்லை.

தமிழில் எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைக்கு மலாய் மொழி படிப்பதும் எளிதாகிறது என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்கவேண்டும். மலாய்ச் சொற்கள் பெரும்பாலும் அசை அசையாக ஒலிப்பவை. சட்டையைக் குறிக்கும் சொல் ‘பா’, ‘ஜு’ என இரண்டு அசை. நூலைக் குறிக்கும் சொல் ‘பு’, ‘கு’ என இரண்டு அசை. உயிரும் மெய்யும் கூடி ஓர் ஓசை ஆகும் என்பதை உணர்ந்த பிள்ளை, ரோமன் எழுத்திலும் அதே கூட்டலைச் செய்கிறான். தமிழில் ஒரே பகரம் இடத்துக்கேற்ப இருவகையாக ஒலிக்கும்; மலாயில் அவ்விரு ஒலிக்கும் வெவ்வேறு எழுத்து உண்டு. இதை ஒருமுறை விளக்கினால் போதும். ‘மூன்று மொழி பிள்ளைக்குச் சுமை, தமிழை விட்டுவிடலாம்’ என்று கருதி நிற்கும் தாய்க்கு இது தக்க விடையாகும்.

தொண்டர் வகுப்புகள் ஏன் நின்றுபோகின்றன? பகையால் அன்று, நாட்காட்டியால். தீபாவளி முடிந்து, புத்தாண்டில் உற்சாகத்தோடு தொடங்கும் வகுப்பு, தைப்பூசத்துக்கு ஒரு வாரம் விடப்படும். சீனப் புத்தாண்டுக்கு இரு வாரம் விடப்படும். பல்கலைக்கழக மாணவரான தொண்டர்க்குத் தேர்வு வந்ததும் ஒரு மாதம் விடப்படும். அதன்பின் பிள்ளைகள் வருவதில்லை. ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காரவைப்பதைவிட, வாரத்தில் இரண்டு மாலை, முக்கால் மணி நேரம் வீதம் நடத்துவதே எழுத்தறிவுக்கு ஏற்றது. சிறுபிள்ளைக்கு எழுத்து ஒரு வாரம் தங்காது. ஒரு வகுப்புக்கு இரு தொண்டர் வேண்டும். ஒருவர் வராத நாளில் மற்றவர் இருப்பார். வருகைப் பதிவேடு வேண்டும். பிள்ளை இரு முறை வராவிட்டால் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்காக. அளவுச் சாப்பாடு வேண்டாம். ஒரு குவளை மைலோவும் இரண்டு ரொட்டியும் போதும். பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் அன்றாடம் அறிவிப்பு அனுப்பும் இளைஞரைவிட, மோட்டார் சைக்கிளில் போய் இரண்டு பிள்ளைகளை ஏற்றிவந்து, இருட்டுமுன் திரும்பக் கொண்டுபோய் விடும் இளைஞரால் ஆகும் பயன் பெரிது.

இத்தனைக்கும் ஆலயம் எதற்கு என்று கேட்கலாம். கற்பிப்பது அரசின் கடமை, பள்ளியின் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. அக்கடமையைக் கேட்டுப் பெறவேண்டுமேயன்றித் தொண்டு என்னும் பெயரால் தள்ளுபடி செய்துவிடலாகாது. ஆனால் பள்ளி பிற்பகலில் மூடிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐவர் இருக்கும் இரண்டறை வீட்டில், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிள்ளைக்கு உட்கார்ந்து எழுத ஓர் இடமில்லை. ஆலயத்துக்கு மண்டபம் இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கேட்டைத் திறந்து பூட்ட ஓர் ஆள் இருக்கிறார். திருமணம் இல்லாத நாள்களில் மண்டபம் வெறுமனே கிடக்கிறது. ஸ்காட்லந்து சாலையில் இராமகிருஷ்ண ஆசிரமம் ஆதரவற்ற சிறுவர்களை ஏற்று வளர்த்துவரும் பணியைப் பினாங்கு மக்கள் அறிவர். அதற்கு ஈடான கட்டடமும் நிதியும் எல்லா ஆலயங்களுக்கும் இயலாது. வாரத்தில் இரண்டு மாலை மண்டபத்தின் ஒரு மூலை எல்லா ஆலயங்களுக்கும் இயலும். எழுத்தறிவிப்பதன் பெருமையைப் பாடிய பாரதியாரின் பெயரைத் தாங்கிய பள்ளியே குளுகோரில் இருக்கிறது; ஆண்டுவிழா மேடைகளில் அவர் பாட்டைச் சொல்லிக் கைதட்டல் பெறாத பேச்சாளரும் அரியர். கைதட்டல் முடிந்ததும் மண்டபத்து விளக்குகள் அணைக்கப்படுகின்றன.

விஜயதசமியன்று ஆலயங்களில் நடக்கும் ஏடு தொடக்கம் இதற்கு நல்ல வாயில். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, குருக்கள் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிக்கிறார். பெல் கண்ட மணலுக்கும் இந்த அரிசிக்கும் உறவு நெருக்கம். பெற்றோர் படம் எடுத்துக்கொள்கின்றனர். அர்ச்சனைச் சீட்டின் அடிக்கட்டை ஆலயத்தில் தங்குகிறது. அதில் பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் இருக்கும், முகவரி இராது. அன்றே ஒரு நோட்டில் பிள்ளையின் பெயர், தாயின் தொலைபேசி எண், வீடிருக்கும் தாமான், சேரப்போகும் பள்ளி ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ள நிர்வாகக் குழுவுக்கு ஒரு மேசையும் ஒரு பேனாவும் போதும். அப்பிள்ளைகள் இரண்டாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில், ஆலயத்தார் ஒருவர் அந்த நோட்டை எடுத்து, ஒவ்வொரு தாயையும் அழைத்து, பிள்ளையோடு ஒரு மாலை வந்துபோகச் சொல்லலாம். பரிசளிப்பு ஏதும் வேண்டாம். அறியாத பக்கம் ஒன்றைத் திறந்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, ‘இது என்ன, தம்பி?’ என்று கேட்டால் போதும். தடுமாறும் பிள்ளைகளுக்கு அடுத்த செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரை மணிக்கு மண்டபத்தின் கிழக்கு மூலையில் பாய் விரிக்கப்படும் என்று தாயிடம் சொல்லி அனுப்பலாம்.